கொட்டும் பூச்சிகளில் எது பொல்லாதது?

மீன் சந்தையில் சூரை வெட்டிய பலகையில் ஒரு குளவி வந்து இறங்கும். கறுத்த உடம்பு, வயிற்றின் மேற்பாதியில் செம்மஞ்சள் பட்டை. சதைத் துணுக்கு ஒன்றைத் தாடையால் அறுத்து, கால்களுக்கிடையில் உருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துவிடும். மீன் வெட்டுகிறவர் கத்திப் பிடியால் அதைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதுவும் அவரை ஒன்றும் செய்யாது. அதே இனக் குளவி மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு வேலியோரப் பற்றைக்குள் கூடு கட்டியிருக்கிறது என்று வையுங்கள். பற்றை வெட்டுகிற ஒருவரின் கத்தி தெரியாமல் அந்தக் கூட்டில் பட்டுவிட்டால், கூட்டமாகக் கிளம்பி வந்து ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். பூச்சியும் ஒன்று, நஞ்சும் ஒன்று. இடம்தான் வேறு.

"குளவி பொல்லாததா, தேனீ பொல்லாததா?" என்று பிள்ளைகள் கேட்கும்போது ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கொட்டினால் எவ்வளவு கடுக்கும்? எவ்வளவு சுளுவாகச் சண்டைக்கு வரும்? வந்தால் உயிருக்கு ஆபத்து எவ்வளவு? கடுப்பில் முதலிடத்தில் இருப்பது ஆபத்தில் கடைசியில் இருக்கலாம். சண்டைக்கு முந்திக்கொண்டு வருவது ஒரு தழும்பும் இல்லாமல் விட்டுவிடலாம். மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் எதற்கு ஓட வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்று விளங்கும்.

கடுப்பை அளக்கத் தன் உடம்பையே கருவியாக்கியவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட். கொட்டும் பூச்சிகளின் நஞ்சை ஆராய்ந்துகொண்டிருந்தவர், வேலைக்கிடையில் தன்னைக் கொட்டியவற்றை ஒன்றிலிருந்து நான்கு வரையான ஒரு வரிசையில் வைத்தார். 1980களில் வெளிவந்த அந்த அளவுகோலில் சாதாரணத் தேனீக்கு இரண்டு. நான்கு என்ற உச்சிக்குப் போனவை மிகச் சில. அவற்றில் ஒன்று பெரிய சிலந்திகளை வேட்டையாடும் ஒரு தனிக்குளவி. அது கொட்டினால் ஆள் தரையில் விழுந்து கத்துவார் என்றே எழுதுகிறார்கள். ஆனால் சில நிமிடங்களில் கடுப்பு அடங்கிவிடும், உடம்புக்குப் பெரிய கேடும் இல்லை. தேனீயோ கடுப்பில் பாதி மதிப்பெண்தான் வாங்குகிறது, ஆனால் உலகம் முழுவதும் ஆட்களைக் கொல்கிறது. கடுப்பு என்பது "கிட்ட வராதே" என்று எதிரியின் மூளைக்குப் போகிற செய்தி மட்டுமே. அந்தச் செய்தியின் சத்தத்தை வைத்து நஞ்சின் கனத்தை எடைபோட முடியாது.

இன்னொரு ஆய்வாளர், மைக்கேல் ஸ்மித், தேனீயைப் பிடித்துத் தன் உடம்பின் 25 இடங்களில் கொட்ட வைத்துப் பார்த்தார். மூக்குத் துவாரமும் மேலுதடும்தான் கடுப்பில் முன்னுக்கு நின்ற இடங்களில் இரண்டு. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு 2015இல் இவருக்கும் ஷ்மிட்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இனிக் கோபத்துக்கு வருவோம். ஒரு அடிப்படை விடயம்: கொட்டும் முள் பெண் பூச்சிகளுக்கு மட்டும்தான் உண்டு. முட்டையிடும் உறுப்பு காலப்போக்கில் மாறித்தான் கொடுக்கானது. ஆகவே ஆண் தேனீயோ ஆண் குளவியோ எவ்வளவு இரைந்து வந்தாலும் கொட்ட முடியாது. பெண்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தனியாக வாழ்ந்து தனியாக வேட்டையாடுகிற குளவிக்கு முள் என்பது இரையை மயக்கும் கருவி. மனிதனோடு மோதிச் செத்தால் அதன் குடும்பம் அதோடு சரி, அதனால் அது விலகிப் பறக்கத்தான் பார்க்கும். கூட்டமாக வாழும் இனங்களின் கதை வேறு. கூட்டுக்குள் முட்டையும் புழுவும், தேனீ என்றால் தேனும் இருக்கிறது. இவற்றைத் தின்ன வருகிற கரடி, பருந்து, மனிதன் எல்லாரையும் விரட்ட வேண்டும். வேலைக்காரப் பூச்சிகளில் நூறு செத்தாலும் கூடு பிழைக்கும். நாம் கோபம் என்று சொல்வது முழுக்க முழுக்கக் கூட்டைக் காக்கும் வேலைதான். கூட்டிலிருந்து தூரத்தில், பூவிலோ மீன் பலகையிலோ நிற்கும் பூச்சிக்குக் காக்க ஒன்றும் இல்லை. அதை நசுக்கினால், மிதித்தால், சட்டைக்குள் சிக்க வைத்தால் மட்டும் கொட்டும்.

கோபத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க நம் வளவுக்குள் இருக்கும் இரண்டு எறும்புகள் போதும்.

மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் புழுக்கள் விடும் பட்டு நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. கிளையைத் தொட்டாலே போதும், கூட்டமாக ஓடி வந்து கழுத்திலும் காதிலும் கவ்விக்கொள்ளும். கோபத்தை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் மட்டக்களப்பில் முசுறை வெல்ல வேறு ஆள் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கடித்து, வாலை வளைத்து அந்தக் காயத்தில் போமிக் அமிலத்தைப் பீச்சும், அவ்வளவுதான். கண்ணில் படாதவரை பத்து நிமிடத் துள்ளலோடு விடயம் முடிந்துவிடும்.

மற்றது, மரப்பட்டையில் ஒன்றிரண்டாகத் தனியாக ஊர்ந்து திரியும் மெலிந்த, நீளமான எறும்பு. தலையும் வயிறும் கறுப்பு, நடுவுடம்பு மட்டும் செம்பழுப்பு. சிங்களத்தில் ஹத்பொலயா என்பார்கள். படை எடுத்து வராது, துரத்தாது. கையோ கழுத்தோ அதன்மேல் அழுந்தும்போதுதான் கொட்டும். கோபத்தில் முசுறின் கால்தூசுக்கு வராது. ஆனால் இதற்கு உண்மையான கொடுக்கும் நஞ்சும் உண்டு. இதன் ஒரே கொட்டில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிராபத்தான நிலைக்குப் போனவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மரத்தில் சாய்ந்து நிற்கும்போது கழுத்தில் சுரீரென்று பட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் உடம்பு முழுக்கத் தடித்துக்கொண்டு வந்தால் "எறும்புதானே" என்று இருந்துவிடக் கூடாது.

ஆபத்து என்று வந்தால் நம் மாவட்டங்களில் முதலில் பேச வேண்டியது பெருந்தேனீ. உயர்ந்த மரக்கிளையில், பாறை முகட்டில், தண்ணீர்த் தாங்கியின் அடியில், மாடிக் கட்டடத்தின் விளிம்பில் ஒரே ஒரு பெரிய தேன்வதையைத் திறந்தவெளியில் தொங்கவிடும் இனம். வதை ஒரு மீற்றருக்கு மேல் அகலமாகவும் இருக்கும். ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீக்கள். ஒரே மரத்தில் பல கூடுகள் தொங்குவதும் உண்டு. பத்திரிகையில் "குளவி கொட்டி ஒருவர் பலி" என்று வரும் செய்திகளில் சிலவற்றில் கொட்டியது உண்மையில் இந்தத் தேனீதான். சிகிரியாப் பாறையில் "சத்தம் போடாதீர்கள்" என்று எழுதி வைத்திருப்பதும் இதற்குப் பயந்துதான்.

இந்தக் கூட்டைத் தூரத்தில் நின்று, முடிந்தால் ஒரு தொலைநோக்கியால் பார்த்தால் அதன் மனநிலை தெரியும். வதையின் வெளிப்பக்கம் முழுக்கத் தேனீக்களே பல அடுக்காகப் பிடித்துக்கொண்டு ஒரு திரையாகத் தொங்கும். பக்கத்தில் ஒரு குளவி பறந்து வந்தால், அது வந்த பக்கத்துத் தேனீக்கள் சட்டென்று தம் வாலைத் தூக்கி இறக்கும். அதைப் பார்த்துப் பக்கத்தில் உள்ளவை, அவற்றைப் பார்த்து அடுத்தவை என்று ஒரு கறுத்த அலை கூடு முழுக்க ஓடி மறையும். ஒரு விநாடிகூட எடுக்காது. குளவி குழம்பித் திரும்பிவிடும். இது எச்சரிக்கை மட்டும், ஒருவரும் கூட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஆனால் கல்லெறி பட்டாலோ, தேன்பருந்து வந்து வதையைக் கிழித்தாலோ, கீழே நெருப்புப் புகை எழுந்தாலோ திரை உடைந்து ஆயிரக்கணக்கில் இறங்கும். பருந்து பறந்துபோய்விடும், கீழே போய்க்கொண்டிருக்கும் பாவப்பட்ட மனிதன் மாட்டிக்கொள்வான். நூறு மீற்றருக்கு மேலும் விடாமல் துரத்துவது இந்தத் தேனீயின் குணம்.

அதைவிட மோசமானது மணம். தேனீயின் முள்ளில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. தோலில் குத்தினால் இழுத்தெடுக்க வராது. நஞ்சுப் பையோடு பிய்ந்து நம் உடம்பிலேயே நின்றுவிடும், தேனீ செத்துப்போகும். அந்த இடத்திலிருந்து ஒரு எச்சரிக்கை மணம் கிளம்பும். அதில் முக்கியமான பொருள் ஐசோஅமைல் அசற்றேற்று. வாழைப்பழத்திலும் இருப்பது இதுதான், அதனால் கொட்டு வாங்கியவர்மேல் பழுத்த வாழைப்பழ வாசம் அடிப்பதாகச் சொல்வார்கள். மற்றத் தேனீக்களுக்கு அந்த வாசம் "இங்கே கொட்டு" என்ற அடையாளம். முதல் கொட்டைத் தொடர்ந்து நூறு கொட்டு விழுவது இப்படித்தான். கைகளை வீசி அடித்து ஒன்றிரண்டை நசுக்கினால் அந்த மணத்தை நாமே பரப்பி விடுகிறோம்.

இன்னொன்று, பெருந்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும், விளக்கையும் தேடி வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கோவில் ஒன்றின் பக்கத்து மரத்தில் கூடு இருந்தால், இரவில் தேனீக்கள் டியூப்லைட்டைச் சுற்றி வந்து மணலில் விழுந்து கிடக்கும். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் மிதித்துக் கொட்டு வாங்குவார்கள். இது தாக்குதல் இல்லை. கூடு கோபித்துக்கொண்டது என்று பயந்து யாரும் இரவோடு இரவாகத் தீவட்டி தூக்கத் தேவையில்லை. கூட்டுப் பக்கத்து விளக்கை அணைத்து, வேறு பக்கம் மாற்றினால் போதும்.

அடுத்த ஆள், முதலில் சொன்ன அந்தச் செம்மஞ்சள் பட்டைக் குளவி. சிங்களத்தில் தெபரா. மரப்பட்டையையும் காய்ந்த மரத்தையும் சுரண்டி மென்று, எச்சிலோடு குழைத்து, காகிதம் போன்ற ஒரு பொருளால் கூடு செய்கிறது. உள்ளே தட்டுத் தட்டாக அறைகள், வெளியே பழுப்பும் வெளிறிய நிறமும் அலையலையாக ஓடும் ஓர் உறை, பக்கத்தில் ஒரு வாசல். தொடக்கத்தில் ஒரு ராணி மட்டும் தனியாகக் கட்டும் சின்ன உருண்டை. அப்புறம் மாதக்கணக்கில் வளர்ந்து பெரிய பானையளவுக்கு வந்துவிடும். ஆட்கள் நூற்றுக்கணக்கில். பெருந்தேனீயோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சொற்பம்தான். அப்படியிருந்தும் இதை நான் பெருந்தேனீக்குச் சரிசமமாகவே வைப்பேன். காரணம் இரண்டு.

முதலாவது, உயரம். பெருந்தேனீ பெரும்பாலும் நம் தலைக்கு மேல் வெகு உயரத்தில். இந்தக் குளவியோ இடுப்பளவு பற்றைக்குள்ளும் கட்டும், மரக்கிளையிலும் கட்டும், வீட்டுக் கூரைமுகட்டிலும் கட்டும். சேனைக்குக் காடு வெளியாக்குகிறவர், வாய்க்கால் கரையில் புல்லு வெட்டும் மெசின் பிடிக்கிறவர், மாடு தேடிப் பற்றைக்குள் நுழைகிறவர் எல்லாரும் கூட்டைக் கண்ணால் காணுமுன்பே அதில் மோதிவிடுகிறார்கள். மெசினின் அதிர்வு ஒன்றே போதும். இரண்டாவது, முள். குளவியின் முள்ளில் நம் தோலில் சிக்கும்படியான கொக்கி இல்லை. குத்தும், எடுக்கும், திரும்பக் குத்தும். பத்துக் கொட்டு விழுந்தால் பத்துக் குளவிகள் என்று கணக்குப் போட முடியாது. அதன் நஞ்சில் அசற்றைல்கோலின் நிறைய உண்டு, நெருப்புக் கொள்ளியை வைத்தது போன்ற கடுப்பு அதனால்தான். கூடவே சிவப்பணுக்களையும் தசையையும் சிதைக்கும் நொதிகளும் இருக்கின்றன.

ஆனாலும் அது முன்னறிவிப்பில்லாமல் வருவது குறைவு. காவல் குளவி ஒன்று முதலில் வந்து முகத்துக்கு நேரே நின்று பறக்கும், தலையைச் சுற்றும், சில வேளை கொட்டாமல் முட்டிவிட்டுப் போகும். பற்றைக்குள் வேலை செய்து பழகிய பெரியவர்களுக்கு இது தெரியும். "கையை வீசாத மனே, வந்த வழியே மெல்லப் பின்னுக்கு வா" என்பார்கள். சரியான ஆலோசனை. அந்த நேரத்தில் கூடு எங்கே என்று தேடிப் பார்க்க ஆசைப்படக் கூடாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். யன்னல் சட்டத்திலும் ஓட்டுக்கூரையின் அடியிலும் ஒரு காம்பில் தொங்கும், மேலுறை இல்லாத சின்னக் கூடு கட்டும் மெல்லிய குளவிகள் உண்டு. கிட்டப் போனால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி இறக்கையைத் தூக்கி நிற்கும். கூட்டைத் தொட்டால் நாலைந்து கொட்டு விழலாம், அதற்கு மேல் படை கிடையாது. மரப்பொந்தில் வதை கட்டும் தேனீ, பெட்டியில் வளர்க்கவும் ஏற்றது, சாதுவானது, நஞ்சும் கொஞ்சம். சின்னக் கொம்பைச் சுற்றி ஒற்றை வதை கட்டும் கொம்புத்தேனீ அதைவிடச் சிறியது, தொந்தரவு கூடினால் சண்டை போடுவதைவிடக் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். சுவர் வெடிப்பில் மெழுகுக் குழாய் நீட்டி வாழும் கொசுத்தேனீக்குக் கொடுக்கு வேலை செய்யாது. தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். கிடுகு வேலிக் கம்பைத் துளைக்கும் பெரிய கருவண்டு இரைச்சலுக்குத்தான் பேர் போனது. மயிர்க்கொட்டியைப் பெயரை வைத்து இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், அது கொட்டுவதில்லை, அதன் மயிர்தான் நம்மில் குத்தி அரிக்கிறது. தேளும் பூரானும் பூச்சி இனமே அல்ல.

சுவரில் மண்ணால் கூடு கட்டும் வேட்டைக்குளவியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீட்டுக்குள் இது கூடு கட்டினால் பிள்ளை கிடைக்கும் என்று சொல்லி நம் வீடுகளில் கலைக்காமல் விடுவார்கள். புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலக் குளவியாக்கிவிடும் என்றும் பழைய நம்பிக்கை உண்டு. நடப்பது வேறு: அது சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டிக் கொல்லாமல் செயலிழக்க வைத்து, மண் அறைக்குள் அடைத்து, ஒரு முட்டையிட்டு வாசலை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, குளவியாகிச் சுவரை உடைத்து வெளியே வரும். பழைய ஆட்கள் கண்டது சரி, நடுவில் நடந்ததுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் குளவிக்குக் காவல்படை இல்லை. கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சமைக்கலாம், படிக்கலாம். விட்டுவிடுவது என்ற முடிவு எந்தக் காரணத்தால் வந்ததாக இருந்தாலும் நல்ல முடிவுதான்.

இப்போது மூன்றாவது கேள்வி: உயிராபத்து. இதில் பூச்சியைப் போலவே நம் உடம்பும் ஒரு பங்காளி. கொட்டு ஒருவரைக் கொல்வது இரண்டு வழிகளில்.

ஒன்று, நஞ்சின் அளவு. ஒரு தேனீ செலுத்தும் நஞ்சு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். ஐரோப்பியத் தேனீயை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், ஒவ்வாமை இல்லாத ஒருவருக்கு உடல் எடையின் கிலோவுக்கு ஏறத்தாழ 20 கொட்டு என்ற அளவில்தான் நஞ்சு மட்டுமே உயிரை எடுக்கும் நிலை வருகிறது. 60 கிலோ ஆளுக்கு 1,200. 15 கிலோப் பிள்ளைக்கு அது 300தான். ஒரே கூட்டம், ஒரே நேரம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எண்ணிக்கையில் கொட்டு விழுந்தாலும் பிள்ளைக்கு ஆபத்து நான்கு மடங்கு என்று அர்த்தம். இந்தக் கணக்கு ஒரு பருமட்டானது. வயதானவர்களும் இருதய நோயாளிகளும் அதைவிட மிகக் குறைந்த கொட்டிலேயே இறந்திருக்கிறார்கள். பெரிய குளவிகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. சில பத்துக் கொட்டுகளே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். அதுவும் உடனே தெரியாது. ஆள் எழும்பி நடந்து வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிட்டிருப்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், அல்லது போகாமலே நிற்கும். ஆகவே கொட்டு நிறைய விழுந்தவர் நன்றாக இருந்தாலும் வைத்தியசாலையில் இரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்வது அவசியம்.

மற்றது ஒவ்வாமை. இங்கே எண்ணிக்கைக்கு வேலையே இல்லை, ஒரு கொட்டு போதும். முன்பு ஒருமுறை கொட்டியபோது உடம்பு அந்த நஞ்சை எதிரியாகப் பதிந்து வைத்திருக்கும். அடுத்த கொட்டில் அளவுக்கு மீறிக் கிளம்பும். போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி இருக்க முடியாதது இதனால்தான். கொட்டிய கை முழுக்க வீங்குவது இந்த வகை இல்லை, அது பயமுறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மாற்றம் வருவதுதான் அடையாளம்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் தடித்தல், குரல் மாறுதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றி விழுதல். பெரும்பாலும் அரை மணிநேரத்துக்குள் இது தொடங்கும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடைத் தசையில். வீட்டில் இருக்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வரும்வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்ந்து உட்கார விடலாம், எழுப்பி நடக்க வைப்பது மட்டும் கூடாது. அந்த நிலையில் இரத்த அழுத்தம் விழுந்து நின்ற நிலையிலேயே உயிர் போனவர்கள் உண்டு. மட்டக்களப்பு நகருக்குள் என்றால் பிரச்சினை குறைவு. வாகரையிலோ, குமணைக் காட்டுவழியில் கதிர்காமப் பாதயாத்திரையிலோ என்றால் தூரம்தான் உண்மையான ஆபத்து. ஒருமுறை இப்படி ஆனவர்கள் இனிக் காட்டுப் பக்கம் போகுமுன் வைத்தியரைக் கண்டு அட்ரினலின் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டம் துரத்தினால் செய்ய வேண்டியது ஓடுவது. வளைந்து நெளிந்து இல்லை, நேராக, கதவு மூடக்கூடிய ஓர் அறைக்கோ வாகனத்துக்கோ. சாரத்தையோ துவாயையோ தலையில் போட்டு முகத்தை மூடிக்கொள்ளலாம். மூச்சுக் காற்றும் கறுத்த நிறமும் அவற்றை இழுக்கும், அதனால்தான் முகத்துக்கும் தலைமயிருக்கும் முதலில் வருகின்றன. பக்கத்தில் வாவி இருக்கிறதே என்று குதித்தால் தேனீக்கள் மேலே சுற்றிக்கொண்டே நிற்கும், மூச்சுக்குத் தலையைத் தூக்கியதும் கொட்டும். நீச்சல் தெரியாதவர் என்றால் நஞ்சுக்கு முன்பே தண்ணீர் கொன்றுவிடும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு, தோலில் முள் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தேனீ, நிற்காவிட்டால் அநேகமாகக் குளவி. நிற்கும் முள்ளின் பை தேனீ போன பிறகும் சுருங்கி விரிந்து நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கிள்ளி எடுத்தால் நஞ்சு பிதுங்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்து, எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று காட்டியது. ஆகவே பிளேட் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டாம், நகத்தாலேயே எடுங்கள். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் கடுப்பு அடங்கும். வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பைத் தடவுவது நம் பக்கத்து வழக்கம். நஞ்சு தோலுக்குக் கீழே போய்விட்டது, மேலே பூசுவது அதை எட்டாது. வெங்காயம் தேய்ப்பதால் கேடில்லை. மண் அப்புவது வேண்டாம், காயத்துக்குள் கிருமி போகும்.

வளவில் கூடு இருந்தால் என்ன செய்வது என்பதை இடம் தீர்மானிக்கட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத உயர்ந்த மரத்தில் இருக்கும் பெருந்தேன்கூட்டை அப்படியே விடலாம். அந்தத் தேனீ ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பதில்லை, பூ குறைந்ததும் முழுக் கூட்டமும் கிளம்பிப் போய்விடும். அதுவரை மரத்தடியில் பிள்ளைகள் கல்லெறியாமலும் குப்பை எரிக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடக் கட்டடத்திலோ கிணற்றடிப் பற்றையிலோ இருந்தால் அகற்றத்தான் வேண்டும், ஆனால் பழக்கமில்லாதவர் தொடக் கூடாது. தேன் எடுத்துப் பழகியவர்கள் இரவில், நிலா இல்லாத நேரம் பார்த்து, தென்னோலைச் சூளைப் புகையவிட்டுப் போவார்கள். சூளைத் தட்டினால் நெருப்புப் பொறி கீழே உதிரும், கிளம்பிய தேனீக்கள் ஆளை விட்டுவிட்டு அந்த ஒளியின் பின்னால் இறங்கிப் போகும். பகலில் மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு ஏணியில் ஏறுகிறவர் இவர்களைப் பார்த்துச் செய்வதாக நினைக்கிறார், உண்மையில் அதற்கு நேர்மாறானதைச் செய்கிறார். கூட்டம் போன பிறகு மிஞ்சிய வதையை இறக்கி, ஒட்டியிருக்கும் மெழுகையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பெருந்தேனீ பழைய இடத்தைத் தேடி அடுத்த பருவத்தில் திரும்பி வரும்.